"10 வருட வாரண்டி" என்கிறார் பில்டர், சாவி வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதல்_வீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். புதிதாகக் கட்டி முடித்த வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம், அடுத்த வெள்ளிக்கிழமை சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விற்பனைப் பிரிவில் இருந்தவர் முன்பதிவு செய்த நாளிலிருந்து ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "10 வருட வாரண்டி இருக்கு, உங்களுக்கு ஒரு கவலையும் இல்லை." நேற்று இரவு உட்கார்ந்து அந்த வாரண்டிப் புத்தகத்தை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். 14 பக்கம். அதில் 10 வருடம் என்பது "கட்டமைப்புக்கு" மட்டும்தான் இருக்கிறது. பூச்சு, பெயிண்ட், டைல்ஸ், கதவு ஜன்னல் எல்லாம் 1 வருடம். தண்ணீர்க் குழாய், மின்சார வயரிங் 2 வருடம். அதற்கப்புறம் எதெல்லாம் சேராது என்று மூன்று பக்கம் பொடி எழுத்தில்.

போன ஞாயிறு வீட்டைப் பார்க்கப் போனபோது படுக்கையறையின் வெளிச்சுவரில், ஜன்னலுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஓதம் ஏறியது மாதிரி ஒரு திட்டு. விரலால் அழுத்தினால் பெயிண்ட் உப்பிக்கொண்டு வருகிறது. அதே ஜன்னலின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல், ஒரு சாண் நீளம் இருக்கும். மேற்பார்வையாளரிடம் காட்டினேன், "புதுச் சுவர் மேடம், காய்ந்தால் சரியாகிவிடும்" என்றார்.

இப்போது சாவி வாங்கும்போது கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். "வீட்டை முழுமையாகப் பார்வையிட்டேன், எந்தக் குறையும் இல்லை, முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. வாரண்டிதான் இருக்கிறதே, இந்த நேரத்தில் எதற்குப் பிரச்சினை என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. சேமித்ததெல்லாம் இதில்தான் போட்டிருக்கிறோம். இந்தச் சுவர் 10 வருடத்தில் வருமா, 1 வருடத்தில் வருமா? அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தளப்பொறியாளர் எழுதியது:

சகோதரி, முதலில் உங்கள் கேள்விக்கே வருகிறேன். அந்த ஓதம் 10 வருடத்தில் வராது. "கட்டமைப்பு" என்று அவர்கள் எழுதுவது அஸ்திவாரம், தூண், பீம், தளம், சுமை தாங்கும் சுவர் இவற்றை மட்டும்தான். பல புத்தகங்களில் அதற்கும் ஒரு பூட்டு போட்டிருப்பார்கள்: அந்தப் பாகம் சுமை தாங்கும் வேலையில் தவறி, வீடு குடியிருக்கப் பாதுகாப்பில்லாமல் போக வேண்டும், அப்போதுதான் கட்டமைப்புக் குறை. உங்கள் புத்தகத்தில் "விளக்கங்கள்" என்று ஒரு பக்கம் இருக்கும், அங்கே அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 14 பக்கத்தில் அதுதான் முக்கியமான பக்கம்.

ஜன்னலுக்குக் கீழே வரும் ஓதத்துக்குப் பெரும்பாலும் ஜன்னல்தான் காரணம். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கை அடைக்கும் சீலண்ட் சரியாக நிரம்பாமல் இருக்கும், இல்லையென்றால் ஜன்னலின் அடிக்கட்டைக்கு வெளிப்பக்கமாக வாட்டம் கொடுக்காமல் விட்டிருப்பார்கள், தண்ணீர் அங்கேயே நின்று உள்ளே இறங்கும். இது வேலை நேர்த்திக் குறை, அதாவது உங்களுக்கு 1 வருடம். காய்ந்தால் சரியாகிவிடும் என்பது கட்டுமான ஈரத்துக்குப் பொருந்தும், ஆனால் அந்த ஈரம் சுவர் முழுக்கப் பரவலாக இருக்கும். ஜன்னலுக்கு நேர் கீழே ஒரே இடத்தில் உப்பினால் எனக்கு நம்பிக்கை வராது.

சோதித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. வெளியே ஒருவர் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிக்க வேண்டும், உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்க வேண்டும். கீழிருந்து மேலே போங்கள், மேலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஜன்னலுக்குக் கீழ்ச் சுவரில் மட்டும் 10, 15 நிமிடம், அப்புறம் அடிக்கட்டை, அப்புறம் பக்கவாட்டு இணைப்பு, கடைசியில் மேல்பகுதி. எந்த உயரத்துக்குப் போனபோது உள்ளே ஈரம் தெரிகிறதோ அங்கேதான் ஓட்டை. மேலே இருந்து அடித்தால் எல்லாம் ஒன்றாக நனைந்துவிடும், எங்கே புகுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

விரிசலைப் பற்றி இப்போதே பயப்பட வேண்டாம். சிமெண்ட் வேலை காயும்போது சுருங்கும். சுவரில் ஜன்னல், கதவு என்று எங்கே திறப்பு விட்டாலும் அதன் மூலையில் இழுவிசை குவியும், அதனால் முதல் விரிசல் அங்கேதான் சாய்வாக வரும். மயிரிழை அளவு, 0.3 மில்லிமீட்டருக்குள், பூச்சோடு நின்றால் அது வீட்டின் உயிருக்கு ஆபத்தில்லை. கவலைப்பட வேண்டியது வேறு வகை. சுவரின் மறுபக்கத்திலும் அதே இடத்தில் தெரிவது, பீம் அல்லது தூணைக் கடந்து போவது, விரிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட மேடாக இருப்பது, நன்றாக மூடிய கதவு இறுக ஆரம்பிப்பது. பென்சிலால் விரிசலின் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஸ்கேலை ஒட்டி வைத்துப் படம் எடுங்கள். மாதம் ஒரு தடவை பாருங்கள். கோட்டைத் தாண்டி ஓடினால் அல்லது அகலமானால் அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். வளர்ந்த விரிசலுக்கு உங்கள் பென்சில் தேதிகளைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஒருமுறை_ஏமாந்தவன் எழுதியது:

அக்கா, தயவுசெய்து அந்தக் கடிதத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், பில்டர் பெயர் வேண்டாம்.

குடிபோன 7-வது மாதம் குளியலறைக்கு அடுத்த சுவரில் அடிப்பக்கம் உப்பு பூத்தது. தொலைபேசியில் சொன்னேன். ஆள் வந்து டைல்ஸ் இடுக்குகளில் கிரவுட் பூசிவிட்டு, "இனிமே வராது சார்" என்றார். 10-வது மாதம் மறுபடி வந்தது, மறுபடி தொலைபேசிதான். "இந்த வாரம் ஆள் அனுப்புகிறோம்" என்று ஆறு வாரம் சொன்னார்கள். அவர்களும் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதனால் நானும் நம்பிக்கொண்டே இருந்தேன். 14-வது மாதம் ஒருநாள் படுக்கையறை அலமாரியைத் திறந்தால் ஒரு வாடை. பின்பலகையைத் தொட்டேன், நனைந்த அட்டை மாதிரி கையோடு மடிந்து வந்தது. துணியெல்லாம் பூஞ்சை.

அலுவலகத்துக்குப் போனால் "வாரண்டி ஒரு வருடம், முடிந்துவிட்டது, அந்த ஒரு வருடத்துக்குள் எழுத்துப்பூர்வமான புகார் எதுவும் எங்கள் கோப்பில் இல்லை" என்றார்கள். நான் 20 தடவைக்கு மேல் பேசியிருக்கிறேன், ஒன்றுக்கும் காகிதம் இல்லை.

கோபத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். வெளியே இருந்து ஒரு பிளம்பரை அழைத்துத் தரையை உடைத்துப் பார்த்தேன். ஈரம் தடுக்கும் பூச்சு தரையோடு நின்றிருந்தது, சுவரில் மேலே ஏற்றவே இல்லை. இதோ ஆதாரம் என்று படம் எடுத்துக்கொண்டு போனேன். "நீங்களே உடைத்துவிட்டீர்கள், எங்களுக்குப் பார்வையிட வாய்ப்புத் தரவில்லை, இனி இது எங்கள் பொறுப்பில் வராது" என்று ஒரு விதியைக் காட்டினார்கள். அது புத்தகத்தில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. அலமாரிக்குக் கேட்டதற்கு, குறையைச் சரிசெய்வது மட்டும்தான் வாரண்டி, அந்தக் குறையால் கெட்டுப்போன பொருளுக்கு இல்லை என்று இன்னொரு விதி.

எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் பேசினால்கூட, வைத்ததும் "இன்று 11 மணிக்குப் பேசியதன்படி" என்று ஆரம்பித்து ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஆள் வந்து வேலை பார்த்துவிட்டுப் போனால் அதையும், என்ன செய்தார் என்பதையும் அன்றைக்கே எழுதி அனுப்புங்கள். அவசரத்துக்குத் தண்ணீர் கொட்டினால் குழாயை மூடுங்கள், படம் எடுங்கள், பொருளை நகர்த்துங்கள், அதற்குமேல் உடைக்க வேண்டாம்.

ஒப்பந்தம்_படிப்பவர் எழுதியது:

மேலே இரண்டு பேரும் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், பலரும் பார்க்காமல் விடுவது: வாரண்டி எந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறது? சில ஒப்பந்தங்களில் சாவி கொடுத்த நாள். சிலவற்றில் கட்டடம் முடிந்ததாகச் சான்றிதழ் வாங்கிய நாள். வீடு விற்காமல் 8 மாதம் கிடந்திருந்தால் உங்கள் ஒரு வருடத்தில் 4 மாதம்தான் மிச்சம், நீங்கள் ஒருநாள்கூட அங்கே குடியிருக்கும் முன்பே. உங்கள் புத்தகத்தில் அந்தத் தேதி எழுதியிருக்கிறதா, வெற்றிடமா என்று பாருங்கள்.

1, 2, 10 என்கிற இந்தப் படிக்கட்டு அமெரிக்காவில் பில்டர்கள் வழக்கமாகக் கொடுக்கும் அமைப்பு. பிரான்ஸில் கிட்டத்தட்ட அதே எண்களைச் சட்டமே வைத்திருக்கிறது, 1978-ல் வந்த சட்டம் 10 வருடப் பொறுப்புக்குக் காப்பீட்டையும் கட்டாயமாக்கியது. இதைப் படிக்கிறவர்கள் பல நாடுகளில் இருப்பீர்கள், அதனால் சொல்கிறேன்: பில்டர் கொடுக்கும் புத்தகம் ஒன்று, நாட்டுச் சட்டம் கொடுக்கும் உரிமை இன்னொன்று. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 14(3), கட்டமைப்பு என்று மட்டும் நிற்கவில்லை, வேலை நேர்த்தியும் தரமும் அதில் சேரும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் குறையைத் தெரிவித்தால் 30 நாளில் கூடுதல் கட்டணம் இல்லாமல் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். அந்தச் சட்டத்துக்குள் வரும் திட்டத்தில் பில்டர் "பூச்சுக்கு 1 வருடம்" என்று அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் 5 வருடத்தைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2, 5, 10. அதில் நடுவில் உள்ள 5 வருடம் வெளிச்சுவர், ஜன்னல், கூரை வழியாகத் தண்ணீர் புகாமல் இருப்பதற்காகவே தனியாக வைத்தது. அங்கே அடுக்குமாடிகளில் பெரிய அளவில் மழைநீர் புகுந்து மக்கள் அல்லல்பட்ட பிறகுதான், 1998 சட்டத்தின் வழியாக அந்த ஏற்பாடு வந்தது. உங்கள் ஜன்னல் அங்கே இருந்தால் 5 வருடத்தில் வந்திருக்கும். அதனால் நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, பில்டர் நிறுவனம் இல்லாமல் போனால் யார் பொறுப்பு? ஒரே ஒரு திட்டத்துக்காக ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்து, விற்று முடித்ததும் மூடிவிடுவது உலகம் முழுக்க நடப்பதுதான். ஜப்பானில் 2005-ல் கட்டட உறுதிக் கணக்கீடுகளைப் போலியாகக் காட்டிய விவகாரம் வெளியே வந்து, 10 வருடப் பொறுப்பு சட்டத்தில் இருந்தும் நொடித்துப்போன நிறுவனத்திடம் வாங்க ஒன்றும் இல்லாமல் போனது. அதற்கப்புறம்தான் பில்டர் வைப்புத்தொகை கட்ட வேண்டும் அல்லது காப்பீடு எடுக்க வேண்டும் என்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் புது வீடுகளுக்கு வாரண்டி கொடுக்கும் என்ஹெச்பிசி என்ற அமைப்பு தரும் உறுதியில் முதல் 2 வருடம் பில்டர் பொறுப்பு, மிச்ச 8 வருடத்துக்குக் காப்பீடு. ஆக, உங்கள் புத்தகத்தின் கடைசியில் காப்பீட்டு நிறுவனம் எதன் பெயராவது, பாலிசி எண்ணோடு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்த 10 வருடம் பில்டரின் ஆயுள் உள்ளவரைதான்.

கடிதத்தைப் பற்றி: பார்த்தால் தெரிகிற குறை, பின்னால் வெளிவரும் மறைவுக் குறை என்று இரண்டு உண்டு. மறைவுக் குறைக்குப் பின்னாலும் சண்டை போடலாம். உங்கள் ஓதமும் விரிசலும் கண்ணுக்குத் தெரிந்த குறை. "எந்தக் குறையும் இல்லை" என்று நீங்களே எழுதிக்கொடுத்தால், அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச வாயைத் திறக்கவே முடியாமல் போகலாம்.

முதல்_வீடு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பி, உங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. இன்று காலை கணவரிடமும் படித்துக் காட்டினேன், இப்போது அவரும் என் பக்கம்.

பார்த்தேன், ஆரம்பத் தேதி வெற்றிடமாகத்தான் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் எங்கேயும் இல்லை. அலுவலகத்தில் கேட்டதற்கு "எல்லோரும் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குகிறார்கள், அதில்லாமல் சாவி தர எங்கள் முறையில் இடமில்லை" என்கிறார்கள். இதற்கு என்ன செய்வது? வாடகை வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது.

ஒப்பந்தம்_படிப்பவர் எழுதியது:

கடிதத்தை மறுக்க வேண்டாம், மாற்றுங்கள். "எந்தக் குறையும் இல்லை" என்ற வரியை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் வையுங்கள். கையெழுத்துக்கு மேலே "இணைப்பில் கண்ட குறைகளுக்கு உட்பட்டுப் பெற்றுக்கொள்கிறேன்" என்று கைப்பட எழுதுங்கள். இணைப்பில் அறை அறையாகக் குறைகளை எழுதி, எந்தத் தேதிக்குள் சரிசெய்வார்கள் என்பதையும் போட்டு, அவர்கள் கையெழுத்தையும் முத்திரையையும் வாங்குங்கள். அடிக்க விடமாட்டோம் என்றால் அந்த இணைப்பை அதே நாளில் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, கடிதத்தில் அந்த மின்னஞ்சலின் தேதியைக் குறிப்பிடுங்கள். சரிசெய்த வேலைக்குத் தனியாக எவ்வளவு காலம் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். 11-வது மாதம் பூசிய பூச்சு 13-வது மாதம் உதிர்ந்தால் யார் வருவார்கள் என்பது பல புத்தகங்களில் எழுதியே இருக்காது. கடைசியில் தொகை ஏதாவது பாக்கி இருந்தால், ஒப்பந்தம் அனுமதித்தால், அதில் கொஞ்சம் நிறுத்திவைப்பது நல்லது. ஒப்பந்தத்தில் இல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள், அது உங்கள் மேல் திரும்பும்.

மாடி_வீடு எழுதியது:

அடுக்குமாடி என்றால் மொட்டை மாடி, லிப்ட், மோட்டார், பொதுச் சுவர் இவற்றுக்கான வாரண்டி உங்கள் பெயரில் இருக்காது, சங்கத்தின் பெயரில் இருக்கும். சங்கம் ஆரம்பிக்கவே ஒரு வருடம் ஆகும், அதற்குள் பாதி காலாவதி ஆகிவிடும். எங்கள் கட்டடத்தில் இதுதான் நடந்தது. அப்புறம் வாட்டர் ஹீட்டர், மோட்டார், சுவிட்ச், ஈரத்தடுப்புப் பூச்சு போன்றவற்றுக்குத் தயாரிப்பாளர் வாரண்டி தனி. பில்டர் வாங்கிய ரசீதின் நகல் இல்லாமல் அந்த நிறுவனங்கள் பேசவே மாட்டார்கள். சாவியோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், ஒரு மாதம் கழித்துக் கேட்டால் யாரிடமும் இருக்காது.

தளப்பொறியாளர் எழுதியது:

சாவி வாங்கும் முன் குளியலறைத் தரையில் வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள், கீழ்த் தளத்தின் கூரையைப் பாருங்கள். டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், கணீரென்று இல்லாமல் பொள்ளென்று கேட்கும் இடங்களில் ஒட்டுத்துண்டு வையுங்கள். மின்பெட்டியில் கசிவு மின்சாரத்தை வெட்டும் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும்.

வெளியிலிருந்து ஒரு பொறியாளரை அழைத்தால் நல்லதுதான். ஒரே தடவைக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் நான் 11-வது மாதத்தைச் சொல்வேன். அதற்குள் வீடு ஒரு மழையையும் ஒரு வெயிலையும் பார்த்திருக்கும், மறைந்திருப்பதெல்லாம் தலைகாட்டும், வாரண்டியும் இன்னும் உயிரோடு இருக்கும். இன்னொன்று, முதல் வருடத்தில் சுவரை உடைத்து வாசல் வைப்பது, குளியலறை டைல்ஸை மாற்றுவது, வெளிச்சுவரை ஒட்டி மண் மேடு போட்டுச் செடி வைப்பது இதெல்லாம் வேண்டாம். அந்தப் பக்கத்தில் என்ன குறை வந்தாலும் அதைக் காரணமாகச் சொல்லிக் கைகழுவிவிடுவார்கள்.

முதல்_வீடு எழுதியது:

நேற்று தண்ணீர்ச் சோதனை செய்தோம். மேற்பார்வையாளரும் கூடவே நின்றார். கீழ்ச் சுவரில் அடித்தபோது ஒன்றுமில்லை. அடிக்கட்டைக்கு வந்த ஆறாவது நிமிடம் இடது மூலையில் ஒரு சொட்டு எட்டிப்பார்த்தது, அப்புறம் கோடாக இறங்கியது. அவர் ஒன்றும் பேசாமல் தன் போனை எடுத்து அவரே படம் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் "காய்ந்தால் சரியாகிவிடும்" என்ற பேச்சே வரவில்லை.

வரியை அடிக்க விடவில்லை. ஆனால் 23 குறைகள் எழுதிய இணைப்பில் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், கடிதத்திலும் "இணைப்புடன் சேர்த்துப் படிக்கவும்" என்று எழுத ஒத்துக்கொண்டார்கள். வாரண்டி ஆரம்பத் தேதியாகச் சாவி தரும் நாளையே நிரப்பியாகிவிட்டது. காப்பீட்டைப் பற்றி மட்டும் நேரான பதில் இல்லை, அதையும் மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன். ஜன்னலைச் சரிசெய்ய இரண்டு வாரம் கேட்டார்கள், அதனால் சாவியைத் தள்ளிப்போட்டோம். வாடகை வீட்டுக்காரரும் பெரிய மனசோடு ஒரு மாதம் கூடுதலாக இருந்துகொள்ளச் சொன்னார். விரிசலுக்குப் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதியாகிவிட்டது.

தளப்பொறியாளர் எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள். ஜன்னல் வேலை நடக்கும் அன்றைக்கு முடிந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய சீலண்டை முழுதாகச் சுரண்டி எடுத்து, இடுக்கைத் துடைத்துக் காயவைத்து, அப்புறம்தான் புதியது நிரப்ப வேண்டும். பழையதன் மேலேயே பூசினால் ஒட்டாது, இரண்டு மழைக்குள் விட்டுவிடும். அடிக்கட்டையின் வாட்டத்தையும் ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்த பிறகு அதே ஹோஸ் பைப்போடு, அதே இடது மூலையில் இன்னொரு தடவை தண்ணீர் அடித்துப் பார்த்துவிட்டு அந்த வரிக்கு எதிரே டிக் போடுங்கள்.